திம்பம் எறக்கத்துல கத்துக்கிட்ட லோடு கணக்கு

சத்தியமங்கலம் மலைல, திம்பத்துல இருந்து கீழ பண்ணாரிக்கு எறங்கற ரோட்டுல 27 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க. 2019ல ஒரு நாள் சாயங்காலம் அதுல பாதி கூட தாண்டல, என் பிக்கப்போட பிரேக் பெடல் கால் வெச்சதும் தரை வரைக்கும் போயிருச்சு. தாளவாடில இருந்து முட்டைக்கோஸ் ஏத்திட்டு வந்தேன், மூட்டை 60 கிலோ வெச்சு 40 மூட்டை, கூட்டிப் பாத்தா 2,400 கிலோ. வண்டி ஒன்றரை டன் வண்டி. அது தெரிஞ்சேதான் ஏத்துனேன், ஏன்னா அப்ப எல்லாரும் அப்படித்தான் ஏத்துவாங்க, தோட்டத்துக்காரரும் ஒரே டிரிப்ல போயிரட்டும்னு கேட்டாரு, நானும் வாடகை சேர்த்து வருதேன்னு தலையாட்டிட்டேன்.

முதல்ல வாசம்தான் வந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த லோடுமேன் அண்ணன், அவருக்கு அம்பது வயசுக்கு மேல, "தம்பி, ஏதோ தீயற நாத்தம் வருது, வண்டிய ஓரங்கட்டு"ன்னாரு. நான் அது முன்னாடி போற லாரில இருந்து வருதுன்னு நெனச்சேன். அடுத்த வளைவுக்கு மிதிக்கறேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது, வண்டி வேகம் குறையவே இல்ல. ரெண்டு மூணு தடவ விட்டு விட்டு மிதிச்சேன், கொஞ்சம் பிடிச்சுச்சு, தேர்டுல இருந்த கியரை செகண்டுக்கு அடிச்சேன், எஞ்சின் கத்துச்சு, அப்புறம் ஃபர்ஸ்டு. ஹேண்ட் பிரேக்கை ஒரேடியா இழுக்காம மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டே வண்டிய பள்ளத்துப் பக்கம் விடாம மலைப் பக்கம் ஒட்டி ஓட்டி, பாறைய ஒரசி ஒரசி ஒரு வழியா நின்னுச்சு. இடது பக்க சைடு டோர் பூரா கீறல். எறங்கி பாத்தா பின் சக்கரத்துல இருந்து பொக பொகையா வருது. லோடுமேன் அண்ணன் ஒண்ணுமே பேசல, ரோட்டோரத்துல கெடந்த பெரிய கல்லா எடுத்து நாலு சக்கரத்துக்கும் அண்டக் குடுத்தாரு, அவரு கை நடுங்குனது இன்னும் எனக்கு கண்ணுல இருக்கு.

சூடா இருக்கற பிரேக் டிரம்முல (சக்கரத்தோட சுத்தற இரும்புக் கூடு) தண்ணி ஊத்தலாம்னு நான் கேன எடுத்தேன், அப்ப கீழ இருந்து வந்த லாரி டிரைவர் ஒருத்தர் பாத்துட்டு சத்தம் போட்டாரு, ஊத்துனா டிரம் வெடிச்சு விரிசல் விட்ரும், சும்மா விடு ஆறட்டும்னாரு. அது தெரியாம இருந்திருந்தா ஊத்தியிருப்பேன். ஹேண்ட் பிரேக்கை எறக்கி விட்டுட்டு ரிவர்ஸ் கியர்ல போட்டு எஞ்சினை ஆஃப் பண்ணச் சொன்னாரு, சூடான டிரம்முல பிரேக் ஷூ (டிரம்ம உள்ள இருந்து அழுத்திப் பிடிக்கறது) இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா அது ஆறி சுருங்கும்போது கோணிக்கும், பிடியும் விட்டுப்போகும், கியரும் கல்லும்தான் நம்பிக்கைன்னு. ஒண்ணரை மணி நேரம் அங்கயே நின்னோம், புலிகள் காப்பகம் அது, சிறுத்தையும் யானையும் நடமாடற எடம், கீழ எறங்கி நிக்கவும் பயம் வண்டிக்குள்ள இருக்கவும் பயம். மறுநாள் சத்தில (சத்தியமங்கலத்துல) மெக்கானிக் டிரம்மைக் கழட்டிக் காமிச்சாரு, உள்பக்கம் நீலம் பாஞ்சு கெடக்கு, பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, விரல வெச்சா வழுக்குது. "இது எப்படிங்க பிடிக்கும்"னாரு. பிரேக் ஆயிலையும் மாத்தி எத்தனை வருசம் ஆச்சுன்னு கேட்டாரு, வண்டி வாங்குனதுல இருந்து மாத்தலன்னேன். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்குமாம், ஈரம் சேரச்சேர சீக்கிரம் கொதிக்கும், கொதிச்சா ஆவி, ஆவிய எவ்வளவு மிதிச்சாலும் அமுங்கத்தான் செய்யும், பெடல் பஞ்சு மாதிரி ஆனது அதனாலதான். அன்னில இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்திடறேன், செலவு சில நூறு ரூபாதான்.

இப்ப கணக்குக்கு வரேன், இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கறது. நம்மள்ல நெறைய பேரு "ஒன்றரை டன் வண்டி"ன்னு வாயில சொல்றோமே தவிர ஆர்சிய (வண்டியோட பதிவுச் சான்ற) எடுத்துப் பாக்கறதே இல்ல. ஆர்சில லேடன் வெயிட்னு (சரக்கோட சேத்து மொத்த எடை) ஒண்ணு, அன்லேடன் வெயிட்னு (காலி வண்டி எடை) ஒண்ணு போட்டிருப்பான். என்னுதுல லேடன் 3,150, அன்லேடன் 1,640. கழிச்சா 1,510. ஆனா அன்லேடன்ல டிரைவர் எடை வராது, நாம பின்னால போட்ட இரும்பு கிரில்லு, கேரியர், தார்ப்பாய், கயிறு எதுவும் வராது. நான் ஒரு தடவ காலி வண்டிய எடைமேடைல ஏத்திப் பாத்தேன், கிரில்லும் கேரியருமே 90 கிலோ கூட காமிச்சுது. நானும் லோடுமேனும் சேர்ந்து 140 கிலோ. அப்ப சரக்குக்கு மிச்சம் 1,280 கிலோதான், ஒன்றரை டன் இல்ல. உங்க வண்டிக்கு இந்த நம்பர் எதுன்னு ஒரு தடவ கண்டுபிடிச்சு டேஷ்போர்டுல பெயிண்ட்ல எழுதி வெச்சுக்கோங்க, நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், எவன் வந்து இன்னும் ரெண்டு மூட்டைன்னு கேட்டாலும் கைய நீட்டிக் காமிச்சிடலாம். சின்ன யானை (டாடா ஏஸ்) வெச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அதோட தெம்பே முக்கா டன்தான், அதுல ஒண்ணரை டன் ஏத்தறத நெதமும் பாக்கறேன்.

எடைமேடை எல்லா எடத்துலயும் இருக்காது, அதனால சில சரக்கு எடைய மனப்பாடமா வெச்சிருக்கேன். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, 20 மூட்டை ஒரு டன், இது எல்லாருக்கும் தெரியும். செங்கல் ஒண்ணு சுமாரா 3 கிலோ, 400 செங்கல்லயே 1,200 கிலோ ஆகிடும். 12 எம்எம் கம்பி முழு நீளம் 12 மீட்டர், ஒரு கம்பி பத்தரை கிலோவுக்கு மேல. 16 எம்எம்னா 19 கிலோ. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, 1,000 லிட்டர் டேங்க் நெறச்சா ஒரு டன் அங்கயே முடிஞ்சுது. எம்-சாண்டுதான் ரொம்ப ஏமாத்தும். ஒரு கனஅடி சுமார் 45 கிலோ, மழைல நனஞ்சிருந்தா இன்னும் ஜாஸ்தி. என் வண்டி பாடி எட்டரை அடி நீளம், அஞ்சரை அடி அகலம், சைடு டோர் ஒயரம் ஒண்ணேகால் அடி. விளிம்பு மட்டத்துக்கு சமமா நெரவுனா 58 கனஅடி, அதாவது 2,600 கிலோவுக்கு மேல, என் கணக்குப்படி ரெண்டு மடங்கு. 1,280 கிலோவுக்கு 28 கனஅடிதான், அத பாடி பூரா பரப்புனா வெறும் 7 அங்குல ஒயரம். பாக்கறவங்களுக்கு காலி வண்டி மாதிரி தெரியும், வீடு கட்றவங்க "என்னங்க இவ்வளவுதானா"ன்னு சண்டைக்கு வருவாங்க. நான் பாடி உள்பக்கம் 7 அங்குலத்துல மஞ்ச பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சிருக்கேன், எடுத்துக் காமிச்சிட்டு ரெண்டு டிரிப்பா பேசிக்கலாம்.

இன்னொண்ணு, பின்னாடி ஸ்பிரிங் பட்டை சேத்துப் போடறது. லோடு ஏத்துனா வண்டி உக்காருது, எக்ஸ்ட்ரா ரெண்டு பட்டை போட்டா நேரா நிக்குதுன்னு நானும் போட்டேன். பட்டை போட்டா வண்டி நிமிந்து நிக்கும், அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக், ஆக்ஸில் அதே ஆக்ஸில், டயர் அதே டயர். முன்னாடியாவது வண்டி உக்காந்து நமக்கு எச்சரிக்கை குடுத்துச்சு, இப்ப அதுவும் இல்லாமப் போச்சு. அந்த திம்பம் சம்பவத்துக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் உறுதியா சொல்வேன், கழட்டிட்டேன்.

சரி, எடை சரியா இருந்தா போதுமான்னா போதாது. எங்க வெக்கறோம்னு இருக்கு. ஒரு தடவ மாவு மில்லு மெஷின் ஒண்ணு, மோட்டாரும் கல்லும் சேர்த்து 700 கிலோதான், சத்தில இருந்து கோபிசெட்டிபாளையம் பக்கம் கொண்டு போகணும். எறக்கறதுக்கு ஈசியா இருக்கட்டும்னு பின் கதவுக்கு ஒட்டியே வெச்சுட்டோம். 50ல போறேன், ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி லேசா இருக்கு, திருப்புனா வண்டி ஒரு நொடி கழிச்சுத்தான் திரும்புது. பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி வெயிட் வந்தா அது கடப்பாரை போட்டு நெம்பற மாதிரி முன் பக்கத்த தூக்கிடும், முன் சக்கரம் ரோட்ட சரியா அழுத்தாது, அப்புறம் ஸ்டீரிங்கும் கேக்காது முன் பிரேக்கும் கேக்காது. ஓரமா நிறுத்தி ரெண்டு பேரு உதவி கேட்டு, உருட்டுக் கட்டை குடுத்து மெஷினை ரெண்டரை அடி முன்னாடி தள்ளுனோம், அதே ரோட்டுல அதே வண்டி வேற வண்டி மாதிரி போச்சு. அதனால கனமான சாமான் எதுவா இருந்தாலும் பின் ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னாடி, இடது வலது ரெண்டு பக்கமும் சமமா, முடிஞ்ச வரைக்கும் தாழ்வா. லேசான சாமான் மேல. கலந்து ஏத்தும்போது லோடுமேன்கள் கைக்கு எது வருதோ அத முதல்ல போடுவாங்க, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, டிரைவர்தான் நின்னு சொல்லணும். நான் ஏத்தி முடிக்கற வரைக்கும் டீக்கு கூட போறதில்ல.

அப்புறம் கம்பி விசயம். இத எழுதும்போதே எனக்கு வயிறு கலங்குது. ஒரு வீட்டு வேலைக்கு 16 எம்எம் கம்பி, பாதியா மடிச்சது, மடிச்சாலும் 6 மீட்டர், அதாவது 20 அடி, என் பாடியோ எட்டரை அடி. பின் கதவ எறக்கி விட்டு கம்பிய பாடில படுக்க வெச்சு, பின்னாடி பெரும் பகுதி வெளிய நீட்டிக்கிட்டு, அந்தக் கனத்துல முன் நுனி மேல தூக்கிக்கிட்டு, செவப்புத் துணி கட்டி, நடுவுல ஒரே ஒரு சுத்து கயிறு. குறுக்க மாடு ஒண்ணு வந்துச்சு, 40ல கூட போகல, பிரேக் அடிச்சேன். பின்னாடி கணகணன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், ரெண்டு கம்பி கேபின் பின் கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு ஒரு சாண் நீளம் உள்ள வந்து நின்னுச்சு. இடது பக்க சீட்டு, சரியா தலை இருக்கற ஒயரம். அன்னைக்கு லோடுமேன் அண்ணன் காய்ச்சல்னு வரல. அந்த சீட்டு காலியா இருந்துச்சு.

இரும்பு மேல இரும்பு வழுக்கும், அதுக்கு ஒரு சுத்து கயிறு தடுப்பே இல்ல. கேபினுக்கும் கம்பிக்கும் நடுவுல ரெண்டடி சந்து விட்டிருந்தேன், அந்த ரெண்டடிலதான் கம்பி வேகம் எடுத்துச்சு. முன்னாடி தடுப்புல சரக்கு முட்டிக்கிட்டு இருந்தா நகர எடமே இல்ல, எடம் இல்லன்னா வேகமும் இல்ல. இப்ப நீளமான கம்பியே நான் எடுக்கறதில்ல, நீள வண்டிக்காரங்க நம்பர குடுத்துடறேன். கடைலயே வெட்டி வாங்குன துண்டு கம்பின்னா மட்டும், பாடில சாக்கு விரிச்சு, கட்டு கட்டா ரெண்டு எடத்துல கட்டுக்கம்பியால இறுக்கி, முன் தடுப்புல கட்டை வெச்சு அதுல முட்ட விட்டு, அப்புறம் அந்தக் கம்பிக் கட்டு எல்லாத்தையும் பாடியோட சேத்துக் கட்டறேன். கேபினுக்குப் பின்னாடி கனமான இரும்பு சேனல்ல ஒரு தடுப்பும் வெல்டிங் பண்ணி வெச்சிருக்கேன். சட்டமும் பாடிய விட்டு வெளிய நீட்டுனா 20,000 ரூபா அபராதம்னு சொல்லுது, ஓவர்லோடுக்கும் 20,000, அதுக்கு மேல டன்னுக்கு 2,000, எறக்கற கூலியும் நம்ம தலைலதான். அபராதத்த விட அந்த காலி சீட்டுதான் எனக்கு ஞாபகம் வருது.

கிரானைட், டைல்ஸ் ஏத்தறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கிரானைட் பலகைய ஒருக்காலும் படுக்க வெச்சு ஏத்தாதீங்க, குலுங்கற குலுங்கல்ல ஒடஞ்சிடும். ஓட்டுக் கூரை மாதிரி சாஞ்ச ஸ்டாண்டு வெச்சு, அடில மரக்கட்டை குடுத்து, ரெண்டு பக்கமும் சமமா சாத்தி நிக்க வெக்கணும், எறக்கும்போதும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி எறக்கணும், ஒரு பக்கம் காலி ஆச்சுன்னா ஸ்டாண்டே கவுந்துடும். எட்டடிக்கு ரெண்டரை அடி பலகை ஒண்ணு சுமாரா 100 கிலோ வருங்க. பலகை விழற பக்கம் ஆள் நிக்கவே கூடாது. விழுந்தா விழட்டும்னு விடணும், கைய குடுத்து பிடிக்கப் போறவங்கதான் மாட்டறாங்க. எங்க வண்டி ஸ்டாண்டுலயே ஒரு தம்பி பிடிக்கப் போய் வலது கைல மூணு விரல் போச்சு, இப்ப டீக்கடைல நிக்கறான், என்னப் பாத்தா அந்தக் கைய பாக்கெட்டுல விட்டுக்குவான்.

தண்ணி டேங்க் பாதி நெறச்சு எடுத்துட்டுப் போகாதீங்க, ஒண்ணு ஃபுல்லா இருக்கணும் இல்லன்னா காலியா இருக்கணும். பாதில தண்ணி அலையடிக்கும், வளைவுல நீங்க ஒரு பக்கம் திருப்புனா அது இன்னொரு பக்கம் ஓடும், வண்டி சாஞ்சதுக்கு அப்புறம் அது போய் மோதும். எங்க தோட்டத்துக்கு வறட்சில தண்ணி கொண்டு போனப்ப சமதளத்துலயே என் வண்டி ஆடுன ஆட்டம் எனக்குத் தெரியும், மலைல அத நெனச்சே பாக்க முடியல.

கயிறு கட்டறது பத்தி நெறைய எழுதலாம், சுருக்கமா சொல்றேன். கட்டுனதும் கெளம்பிடாதீங்க, பத்து பதினஞ்சு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவ கைய வெச்சு பாருங்க, கண்டிப்பா தளந்திருக்கும். மூட்டை குலுங்கி அமுங்கும், அது போக நைலான் கயிறு இழுவைக்கு நீளும். நான் தாளவாடில கட்டுனா ஆசனூர்ல நிறுத்தி இறுக்குவேன், திம்பத்துல எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ. கூர்மையான மூலை வர்ற எடத்துல பழைய டியூப்பை வெட்டி கயித்துக்கு அடில குடுங்க, இல்லன்னா மூலையே கயித்த அறுத்துடும். மெஷின், கிரானைட் மாதிரி சரக்குக்கு ராட்செட் பெல்ட் (லிவரால இறுக்கற பட்டா)தான், கயித்த நம்பாதீங்க. பாடில கயிறு மாட்டற கொக்கி வெல்டிங் விட்டிருக்கான்னு பாக்கணும், கயிறு புதுசா இருந்து கொக்கி கையோட வந்துச்சுன்னா என்ன பிரயோசனம். டயர் காத்த காலைல வண்டி ஆறி இருக்கும்போது பாருங்க, எவ்வளவுன்னு டிரைவர் டோர் பக்கத்துல ஸ்டிக்கர்லயே போட்டிருப்பான், லோடுக்கு தனி நம்பர் இருக்கும். காத்து கம்மியா இருந்தா டயர் மடங்கி மடங்கி சூடாகி வெடிக்கும்.

எறக்கத்துல எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல எறங்குங்கன்னு பெரியவங்க சொல்றது முழு உண்மை, அதுவும் எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், வேகம் பிடிச்சதுக்கு அப்புறம் கீழ் கியர் விழாது, நடுவுல நியூட்ரல்ல மாட்டிக்கிட்டா கதை முடிஞ்சுது. பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே வரக்கூடாது, நல்லா ஒரு தடவ மிதிச்சு வேகத்த கொறச்சு கால எடுத்துடணும், அந்த இடைவெளிலதான் டிரம் ஆறும். டீசல் மிச்சம்னு சாவிய ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டி விடறவங்க இன்னும் இருக்காங்க, அவங்க கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு கேக்கறேன், வேணாங்க. எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக் பூஸ்டருக்கு (நம்ம மிதிக்கு பலம் சேக்கறது) வேக்குவம் கெடைக்கும், ஆஃப் பண்ணுனா ரெண்டு மூணு மிதிதான், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிடும், பவர் ஸ்டீரிங்கும் இறுகிடும். 2022ல இருந்து கோர்ட் உத்தரவுப்படி அந்த மலைப்பாதைல ராத்திரி போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கறதால, செக்போஸ்ட் மூடறதுக்குள்ள எறங்கிடணும்னு சாயங்காலம் எல்லாரும் பறக்கறாங்க. லேட்டாச்சுன்னா நான் மேலயே படுத்துக்கறேன், கோஸ் ஒரு ராத்திரில ஒண்ணும் கெட்டுப் போகாது.

கடைசியா, சரக்கு மேல ஆள ஏத்தறது. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, கூலி வேலைக்குன்னு நம்ம ஊர்ல பிக்கப்ல ஆள ஏத்திட்டுப் போறது சர்வ சாதாரணம், அதுலயும் மூட்டை மேல லோடுமேன உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறது நானே பல வருசம் பண்ணது. வளைவுல மூட்டை ஒண்ணு சரிஞ்சா மேல இருக்கறவரு மூட்டையோட போவாரு, பிடிக்க ஒண்ணுமே இல்ல, தாழ்வா வர்ற கெளை, ஒயரு எதுவும் அவருக்குத் தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல கேஸ் நிக்கறதும் கஷ்டம், அந்தக் குடும்பம் நடுத்தெருவுலதான் நிக்கும். இப்ப கேபின்ல எத்தனை சீட்டோ அத்தனை பேருதான். மிச்ச ஆளுங்களுக்கு பஸ் காசு நான் குடுத்துடறேன், அத வாடகைலயே சேத்து முன்னாடியே பேசிக்கறேன்.

வாடகைன்னதும் கேப்பீங்க, இப்படி 1,280 கிலோன்னு ஓட்டுனா கட்டுமான்னு. நான் இப்ப டிரிப் கணக்குல பேசறதில்லங்க, கிலோ கணக்குல பேசறேன். தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரோட சரக்க சேத்து எடுக்கறேன், திரும்பும்போது காலியா வராம சத்தில இருந்து உரமோ தீவனமோ ஏத்திக்கறேன். முதல் ஆறு மாசம் கை கடிச்சுது, பொய் சொல்லல. அப்புறம் பாத்தா வருசத்துக்கு ரெண்டு செட் டயர் மாத்துனது ஒரு செட்டா ஆச்சு, கிளட்ச் பிளேட் ரெண்டு வருசமா கழட்டவே இல்ல, பட்டை ஒடையறது நின்னு போச்சு. போன வாரம் கூட அதே தோட்டத்துக்காரரு போன் பண்ணி 40 மூட்டை இருக்குன்னாரு. 21 மூட்டை காலைல, 19 மூட்டை மறுநாள்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் "சரி தம்பி, காலைல எத்தன மணிக்கு வருவே"ன்னாரு.